முகம் ஒருத்தி, குரல் இன்னொருத்தி

என் அம்மா சினிமா பார்த்ததைவிடக் கேட்டதுதான் அதிகம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூடத்தில் டிவி ஓடிக்கொண்டிருக்கும். நாங்கள் எல்லோரும் அதன் முன்னால் உட்கார்ந்திருப்போம். அம்மா மட்டும் அடுப்படியில் தோசை வார்த்துக்கொண்டோ வெங்காயம் உரித்துக்கொண்டோ இருப்பார். படத்தில் புதிதாக ஒரு பெண் வந்து இரண்டு வசனம் பேசியதும் உள்ளேயிருந்து தீர்ப்பு வந்துவிடும்: "இவ குடும்பத்தைக் கெடுக்க வந்தவடா." அரை மணி நேரத்தில் அது உண்மையாகிவிடும். எனக்கு அப்போது அது மந்திரம் மாதிரி இருந்தது. முகத்தைப் பார்க்காமல் எப்படித் தெரிகிறது?

பெண்களை சினிமா எப்படிக் காட்டுகிறது என்று பேச ஆரம்பித்தால், பேச்சு உடையில் தொடங்கி கேமராக் கோணத்தில் போய் நிற்கும். தேவையான பேச்சுதான். ஆனால் அடுப்படியில் இருந்த அம்மாவுக்கு உடையும் தெரியாது, கோணமும் தெரியாது. அவருக்குக் கிடைத்தது குரல் மட்டும். நல்லவள், கெட்டவள், வெகுளி, திமிர் பிடித்தவள், படித்தவள், பட்டிக்காட்டுக்காரி என்று எல்லாத் தகவலும் அந்தக் குரலுக்குள்ளேயே வைத்து அனுப்பப்பட்டிருந்தது. அனுப்பியவர் பெரும்பாலும் அந்த நடிகையும் இல்லை. கடந்த நாற்பது ஆண்டுகளின் பிரபலமான தமிழ்க் கதாநாயகிகளை வரிசையாக நினைத்துப் பாருங்கள். அவர்களில் பலர் நம் காதில் பேசியது வேறொரு பெண்ணின் குரலில்.

ஆரம்பத்தில் இப்படி இருக்கவில்லை. 1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்'இல் நடித்த டி.பி.ராஜலட்சுமி தானே பேசினார், தானே பாடினார். ஐந்து வருடம் கழித்து 1936இல் 'மிஸ் கமலா' என்ற படத்தைத் தானே இயக்கவும் செய்தார். அந்தக் காலத்தில் நடிகை என்றாலே பாடகி. மேடை நாடகத்திலும் கச்சேரியிலும் குரலால் பேர் வாங்கியவர்களைத்தான் படத்துக்கு அழைத்து வந்தார்கள். கே.பி.சுந்தராம்பாள் 1935இல் 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாராக, அதாவது ஆண் வேடத்தில் நடித்தார். அதற்கு ஒரு லட்ச ரூபாய் சம்பளம் வாங்கினார். அன்றைக்கு அது மலைக்கவைக்கும் தொகை. எம்.எஸ்.சுப்புலட்சுமி 1941இல் 'சாவித்திரி' படத்தில் நாரதராக வந்தார். இந்தக் குரல்களுக்கு ஆண், பெண் என்ற வேலிகூடப் பெரிதாகத் தடை போடவில்லை. முகம் குரலுக்குப் பின்னால் வந்தது.

அப்புறம் தொழில்நுட்பம் வந்தது. ஏவி.எம். 1945இல் எடுத்த 'ஸ்ரீ வள்ளி'யில் வள்ளியாக நடித்தவர் ருக்மிணி. படம் எடுத்து முடித்த பிறகு அவருடைய பாட்டு திருப்தியாக இல்லை என்று முடிவு செய்து, பி.ஏ.பெரியநாயகியைப் பாடவைத்து, அந்தக் குரலை ருக்மிணியின் வாயசைவில் பொருத்தினார்கள். படம் பெரிய வெற்றி. பார்க்க லட்சணமான ஒருத்தியையும் கேட்க இனிமையான ஒருத்தியையும் தனித்தனியாகப் பிடித்து ஒன்றாக ஒட்டிவிடலாம் என்ற வழி தெரிந்துவிட்டது. 'ஸ்ரீ வள்ளி'தான் முதல் முயற்சி என்று சொல்ல மாட்டேன். சில ஆண்டுகளுக்கு முன்பே சோதனைகள் நடந்துவிட்டன. ஆனால் அதில் ஒரு விஷயம் பளிச்சென்று தெரிகிறது: ஒரு பெண்ணின் நடிப்பை வைத்துக்கொண்டே, அவளுடைய குரலை மட்டும் கழற்றி மாற்ற முடியும்.

அடுத்த இருபது ஆண்டுகளில் நடந்ததுதான் எனக்கு எப்போதும் வியப்பு. கழற்றிய குரல்களைத் தரம் பிரித்து அடுக்கி வைத்தார்கள். கதாநாயகிக்கு பி.சுசீலா. கிளப்பில் ஆடுபவளுக்கு, வில்லனின் காதலிக்கு, கண்ணடிப்பவளுக்கு எல்.ஆர்.ஈஸ்வரி. எழுதப்பட்ட சட்டம் எதுவும் இல்லை, விதிவிலக்குகளும் நிறைய உண்டு. ஆனால் எந்தப் பாட்டு எந்தப் பெண்ணுக்கு என்பதை 1960களின் ரசிகர் ரேடியோவில் கேட்டே சொல்லிவிடுவார். சுசீலாவின் குரலில் அசைவே இருக்காது. சுருதி விலகாது, மூச்சு கேட்காது, பாடும்போது உடம்பு என்று ஒன்று இருப்பதே தெரியாது. மேடையிலும் அப்படித்தான். புடவையைத் தோள்மேல் இழுத்துப் போர்த்திக்கொண்டு, கையில் நோட்டைப் பிடித்துக்கொண்டு, சிலை மாதிரி நின்று பாடுவதுதான் அந்தத் தலைமுறைப் பின்னணிப் பாடகியின் மரியாதையான தோற்றம். ஈஸ்வரியின் குரலில் சிரிப்பு வரும், விக்கல் வரும், பெருமூச்சு வரும், 'ஏய்' என்று ஒரு அதட்டல்கூட வரும். உடம்பு இருப்பது கேட்டுவிடும். கேட்டுவிட்டால் அவள் கதாநாயகி இல்லை.

இருவருமே அபாரமான கலைஞர்கள் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது முதன்முதலில் கொடுக்கப்பட்டபோது, 1968ஆம் ஆண்டுப் படமான 'உயர்ந்த மனிதன்' பாட்டுக்காக அதை வாங்கியவர் சுசீலா. ஆறு மொழிகளில் 17,695 பாடல்கள் என்று கின்னஸ் அவர் பெயரைப் பதிந்திருக்கிறது. ஈஸ்வரியின் கதை இன்னும் சுவையானது. 'பாசமலர்' படத்தில் அவர் பாடிய 'வாராய் என் தோழி' ஒலிக்காத கல்யாண மண்டபம் தமிழ்நாட்டில் இருந்திருக்குமா? ஆடி மாதம் வந்தால் கூழ் ஊற்றும் தெருவெல்லாம், ட்யூப் லைட் கட்டிய கம்பத்துக் குழாயில் 'செல்லாத்தா செல்ல மாரியாத்தா' என்று அம்மனைக் கூப்பிடுவதும் அதே குரல். 'கற்பூர நாயகியே' என்று உருகுவதும் அதே குரல். திரையில் குடும்பத்துக்கு ஆகாதவள் என்று ஒதுக்கிய குரலை, திரைக்கு வெளியே கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் அழைத்துக்கொண்டோம். அந்தக் குரலில் எந்தக் களங்கமும் இல்லை என்பது ஊருக்கே தெரிந்திருக்கிறது. சினிமாவுக்கு மட்டும்தான் இரண்டு அறை தேவைப்பட்டது.

அந்தச் சுவரை இடித்தவர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமென்றால் நான் எஸ்.ஜானகியைச் சொல்வேன். 1982இல் 'மூன்றாம் பிறை'யில் சில்க் ஸ்மிதாவுக்கு 'பொன்மேனி உருகுதே' பாடியவர், அதே ஆண்டுகளில் சுத்தமான குடும்பத்துக் கதாநாயகிகளுக்கும் பாடிக்கொண்டிருந்தார். குழந்தைக்கும் பாடினார். ஒரே தொண்டைக்குள் எல்லாப் பெண்ணும் இருக்கிறாள் என்று ஆகிவிட்டது. பாட்டில் பிரிவினை தளர ஆரம்பித்த அதே காலத்தில்தான் பேச்சில் அது இறுக ஆரம்பித்தது.

பேச்சுக்கு வருவோம். 'அவங்களுக்குத் தமிழ் வராதுங்க, அதனாலதான் டப்பிங்' என்று சினிமாக்காரர்கள் சொல்வார்கள். பாதி உண்மை. 1950களிலும் 60களிலும் கொடிகட்டிப் பறந்த நாயகிகளில் பாதிப் பேருக்குத் தமிழ் தாய்மொழி இல்லை. சாவித்திரி தெலுங்கு. சரோஜாதேவி கன்னடம். சரோஜாதேவியின் தமிழில் கன்னட வாடை தாராளமாகவே வீசும். அதை யாரும் துடைக்கவில்லை. 'கன்னடத்துப் பைங்கிளி' என்று பட்டம் கொடுத்துக் கொஞ்சினார்கள், மிமிக்ரிக்காரர்களுக்கு அது இன்றுவரை சோறு போடுகிறது. அந்தப் பேச்சு அவருக்கே உரிய முத்திரையாக இருந்தது. உச்சரிப்பு கொஞ்சம் கோணலாக இருந்தால் ரசிகன் ஏற்க மாட்டான் என்ற வாதத்துக்கு சரோஜாதேவி ஒருவரே போதுமான பதில்.

பிறகு என்ன மாறியது? ஒரு காரணம் கேமரா. படப்பிடிப்பு ஸ்டூடியோவை விட்டுக் கிராமத்துக்கும் மலைக்கும் போனபோது கூடவே போனது, தூக்கிச் செல்ல வசதியான, ஆனால் கடகடவென்று சத்தம் போடும் கேமரா. படப்பிடிப்பில் பதிவாகும் ஒலி பயன்படாது. பேச்சு முழுவதையும் பிறகு டப்பிங் தியேட்டரில் பேசிச் சேர்க்க வேண்டும். ஃபிலிமைச் சின்னச் சின்னத் துண்டாக்கி, வளையமாக ஒட்டி, திரும்பத் திரும்ப ஓடவிடுவார்கள். அதற்கு 'லூப்' என்று பெயர். இருட்டறையில் மைக் முன்னால் நின்று, திரையில் தெரியும் உதட்டுக்குத் தன் பேச்சைப் பொருத்த வேண்டும். நடிகையே வந்து பேசலாம். ஆனால் அவர் அதற்குள் ஹைதராபாத்தில் வேறு படத்தில் இருப்பார். சென்னையில் பத்து நிமிஷத்தில் வரக்கூடிய, வேகமாக வேலை முடிக்கிற ஒரு குரல் கலைஞர் இருக்கிறார். தயாரிப்பாளருக்குக் கணக்கு சுலபம். 1990களில் மும்பையிலிருந்து நாயகிகள் அலையலையாக வந்தபோது, வசதியாக இருந்தது வழக்கமாகவே ஆகிவிட்டது.

இன்னொரு காரணத்தைக் கணக்கு என்று சொல்ல முடியாது. ஆண் நாயகர்களை வைத்துப் பார்த்தால் அது விளங்கும். ஆண்களுக்கும் டப்பிங் நடந்திருக்கிறது. எண்பதுகளில் மோகன் பேசியது எஸ்.என்.சுரேந்தரின் குரலில். 1993இல் 'அமராவதி'யில் அஜித்துக்குப் பேசியது விக்ரம். ஆனால் ஒரு ஆண் நட்சத்திரமாகிவிட்டால் குரல் அவனுடைய சொத்து. சிவாஜியின் கர்ஜனையையோ ரஜினியின் வேகத்தையோ இன்னொருவர் தொண்டையில் யோசித்துக்கூடப் பார்க்க முடியாது. இதன் உச்சம் எம்.ஜி.ஆர். 1967 ஜனவரி 12ஆம் தேதி எம்.ஆர்.ராதா சுட்டதில் குண்டு அவர் கழுத்தில் பாய்ந்தது. பேச்சே மாறிப்போனது. சொற்கள் குழறின. அதே ஆண்டு 'காவல்காரன்' வெளிவந்தது. அதன் பிறகு பத்து ஆண்டுகள் அந்தக் குழறிய குரலிலேயே நாயகனாக நடித்தார், அந்தக் குரலிலேயே ஓட்டுக் கேட்டார், முதலமைச்சரும் ஆனார். அவருக்கு டப்பிங் போடலாம் என்று யாராவது சொல்லியிருந்தால் ரசிகர்கள் தியேட்டரைக் கொளுத்தியிருப்பார்கள். கழுத்தில் குண்டு பாய்ந்த ஆணின் பேச்சு அவருடையதாகவே இருந்தது. ஒரு குறையும் இல்லாத பெண்ணின் பேச்சுக்கு மாற்று ஏற்பாடு தேவைப்பட்டது.

'ஒரு குறையும் இல்லாத' என்று நான் சும்மா சொல்லவில்லை. த்ரிஷா சென்னையில் பிறந்து வளர்ந்தவர், நன்றாகத் தமிழ் பேசுபவர். 'கில்லி'யில் (2004) அவருக்குக் குரல் கொடுத்தவர் சவிதா. 'விண்ணைத்தாண்டி வருவாயா'வில் (2010) சின்மயி. 'பொன்னியின் செல்வன்' குந்தவைக்கு கிருத்திகா நெல்சன். சொந்தமாகப் பேசிய படங்களும் உண்டு, ஆனால் நம் மனதில் பதிந்த தனலட்சுமியும் ஜெஸ்ஸியும் குந்தவையும் மூன்று வேறு பெண்களின் குரலில் பேசியவர்கள். சமந்தாவும் சென்னைப் பெண்தான். அவரைத் தென்னிந்தியாவுக்கே அறிமுகம் செய்த தெலுங்குப் படத்தில் தொடங்கி அவருக்காகப் பேசியவர் சின்மயி. ஆக, தமிழ் வராதது மட்டும் பிரச்சினை இல்லை. கதாநாயகி எப்படி ஒலிக்க வேண்டும் என்று ஒரு அளவு முன்பே வெட்டிவைக்கப்பட்டிருக்கிறது. ரெடிமேட் ரவிக்கை மாதிரி. உடம்பு அதற்குப் பொருந்தாவிட்டால் உடம்பில்தான் குறை.

அந்த அளவு காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. இரண்டாயிரங்களில் ஒரு வகை நாயகி வந்தாள். ரோட்டில் ஐஸ்க்ரீம் கேட்டு அடம்பிடிப்பாள், மழை வந்தால் குழந்தைகளோடு ஆடுவாள், முன்பின் தெரியாதவனிடம் போய் அசட்டுத்தனமாகப் பேசுவாள். இணையத்தில் அவளுக்கு 'லூசுப் பொண்ணு' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். 2008இல் வந்த 'சந்தோஷ் சுப்ரமணியம்' ஹாசினி அந்த வகையின் பெரிய வெற்றி. அவளுக்கென்று ஒரு குரல் அச்சு இருந்தது. ஒன்றரைக் கட்டை ஏற்றிப் பேசுவது, வாக்கியத்தை இழுத்து முடிப்பது, பாதிப் பேச்சில் சிணுங்குவது. இருபது வயதுப் பெண்ணுக்கு எட்டு வயதுக் குரல். ஏறக்குறைய அதே காலத்தில் இன்னொரு அச்சும் உருவானது. நகரத்தில் வேலைக்குப் போகிற, ஆங்கிலம் கலந்த, தாழ்ந்த குரல். 2006இல் 'வேட்டையாடு விளையாடு'வில் கமலினி முகர்ஜிக்கு ஆண்ட்ரியா கொடுத்த குரலைக் கேட்டால் புரியும். பெண் கொஞ்சம் வளர்ந்துவிட்டாள்தான். ஆனால் இவளும் எந்த ஊர்க்காரி என்று பேச்சை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. சாதி, ஊர், வட்டாரம் எல்லாவற்றையும் வடிகட்டிய ஒரு தமிழ். நாயகன் மதுரைத் தமிழோ வடசென்னைத் தமிழோ பேசலாம், அது அவனுக்கு மண்வாசனை. நாயகி பேசினால் அது நகைச்சுவைப் பகுதிக்குப் போய்விடும்.

இப்போது குரல் கொடுத்தவர்கள் பக்கம் திரும்ப வேண்டும். எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் உறுத்துவது இதுதான். சரிதா தெரியும் இல்லையா? 'தப்புத் தாளங்கள்', 'தண்ணீர் தண்ணீர்', 'அச்சமில்லை அச்சமில்லை'. கண்ணும் குரலும் சேர்ந்து வேலை செய்கிற நடிகை. மாநிறத்தைவிடச் சற்றுக் கறுப்பு. எண்பதுகளின் நடுவில் நாயகி வேடங்கள் குறைந்த பிறகும் அவருடைய குரலுக்கு வேலை குறையவில்லை. நக்மாவுக்கும் விஜயசாந்திக்கும் அவர் பேசினார். ரோகிணியும் அப்படித்தான். 'பம்பாய்' (1995) மனீஷா கொய்ராலாவும், 'இருவர்' (1997) ஐஸ்வர்யா ராயும் தமிழில் பேசியது ரோகிணியின் குரல். 'மின்சாரக் கனவு' கஜோலுக்குப் பேசியவர் ரேவதி. இவர்கள் மூவரும் தாங்களே முன்வரிசை நடிகைகள். குரல் இனிமையாக மட்டும் இருந்தால் போதாது, உள்ளே நடிப்பு வேண்டும் என்று தெரிந்துதான் அவர்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அதாவது நடிப்பு வேண்டும், உணர்ச்சி வேண்டும், தமிழ் வேண்டும். நிறம் மட்டும் வேண்டாம். சிவப்புத் தோலின் மேல் கறுப்புப் பெண்ணின் நாக்கை ஒட்டி ஒரு முழுப் பெண்ணைச் செய்து காட்டினோம். அப்படி ஒருத்தி உண்மையில் எங்கும் இல்லை.

இது தமிழ்நாட்டின் தனி வியாதி என்றும் சொல்லிவிட முடியாது. நம் சிவகாசிப் பக்கத்து ஸ்ரீதேவி இந்திக்குப் போனபோது இதே கதை திரும்பி நடந்தது. அவருக்கு அங்கே நடிகை நாஸ் பேசினார், 'ஆக்ரி ராஸ்தா'வில் (1986) ரேகா பேசினார். 1989இல் 'சாந்தினி'யில்தான் இந்தி ரசிகர்கள் அவருடைய சொந்தக் குரலைக் கேட்டார்கள். அதற்குள் அவர் அங்கே உச்ச நட்சத்திரம் ஆகிவிட்டிருந்தார்.

மலையாளத்தில் நடந்தது ஒன்றையும் சொல்ல வேண்டும். அதில் சென்னைக்குப் பங்கு இருக்கிறது. 1993இல் வந்த 'மணிச்சித்ரதாழ்' படத்துக்காக ஷோபனாவுக்கு சிறந்த நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது. அந்தப் படத்தில் கங்கா என்ற மனைவி, நாகவல்லி என்ற தமிழ் நாட்டியக்காரியாக மாறுவாள். படம் முழுவதற்கும் குரல் மலையாள டப்பிங் கலைஞர் பாக்யலட்சுமியுடையது என்றே கேரளம் நம்பிக்கொண்டிருந்தது. நாகவல்லியின் தமிழைப் பேசியவர் துர்கா என்ற தமிழ்க் குரல் கலைஞர் என்பதை இயக்குநர் ஃபாசில் 2016இல்தான் எழுத்தில் சொன்னார். இருபத்து மூன்று ஆண்டுகள். ஒரு முகத்தில் இரண்டு பெண்கள் பேசியிருக்கிறார்கள். விருது முகத்துக்குப் போனது, புகழில் ஒரு பங்கு ஒரு குரலுக்குப் போனது, இன்னொரு குரல் காணாமலே போனது. அந்தக் கதையே ஒரு பெண்ணுக்குள் இன்னொரு பெண் புகுந்து பேசுவதைப் பற்றியது என்பதை நினைத்தால் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

டப்பிங் தியேட்டரில் வசனம் மட்டும் பேசுவதில்லை. மூச்சு, விக்கல், அழுகை, பிரசவ வலி எல்லாம் அங்கேதான். எழுபது, எண்பதுகளின் படங்களில் வில்லன் தங்கையைக் கெடுக்கும் காட்சி ஏறக்குறையக் கட்டாயம். அந்த அலறல்களை ஒவ்வொன்றாக, ஆண்கள் நிறைந்த ஒரு அறையில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவர் 'இன்னொரு டேக்' என்று சொல்லச் சொல்ல, ஒரு பெண் நின்று அலறியிருக்கிறாள். திரையில் பெண் எப்படிக் காட்டப்பட்டாள் என்ற கணக்கில் அவளையும் சேர்க்க வேண்டும்.

தொலைக்காட்சித் தொடர்களை அதிகம் நீட்ட விரும்பவில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். 1999இல் தொடங்கிய 'சித்தி'யில் ராதிகா தன் அதிகாரமான சொந்தக் குரலோடு வந்தபோது, வீட்டில் பெண் பேசும் பேச்சுக்கே ஒரு கனம் வந்தது. ஆனால் மெகா தொடர் என்ற வடிவம் பெருகப் பெருக, குரலின் பங்கீடும் பழைய சுசீலா, ஈஸ்வரி கணக்குக்கே திரும்பியது. நல்லவள் வாய்விட்டு அழுவாள். கெட்டவள் 'மைண்ட் வாய்ஸ்'இல் திட்டம் போடுவாள். வாய் அசையாது, புருவம் மட்டும் ஏறி இறங்கும், உள்ளேயிருந்து குரல் வரும். தொடர்களில் யோசிக்கிற பெண் என்றாலே வில்லிதான் என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? நல்ல மருமகளுக்கு மைண்டே வாய்ஸ் கொடுப்பதில்லை.

சொந்தக் குரல் என்பதை நான் இதுவரை தொண்டை என்ற பொருளில்தான் பேசினேன். ஆனால் அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டே. குஷ்புவுக்குத் திருச்சியில் கோயில் கட்டினார்கள் என்பது தமிழ் சினிமாவின் நிரந்தர வேடிக்கைச் செய்தி. திரையில் அவரை வணங்கியபோது அவருடைய பேச்சு பெரும்பாலும் இரவல் குரல்தான். 2005இல் ஒரு பத்திரிகைக்கு, திருமணத்துக்கு முந்தைய உறவு பற்றித் தன் கருத்தைத் தானே சொன்னார். தமிழ்நாட்டின் பல ஊர்களில் இருபதுக்கும் மேற்பட்ட வழக்குகள். ஊர்வலம், துடைப்பம், செருப்பு. அவற்றை உச்ச நீதிமன்றம் 2010 ஏப்ரலில் தள்ளுபடி செய்ய ஐந்து ஆண்டுகள் ஆயின. சொன்னது சரியா தவறா என்பது வேறு விவாதம். வாயசைத்தபோது கோயில், வாய் திறந்தபோது வழக்கு. அந்த வரிசைதான் கவனத்துக்குரியது.

2018இல் இது குரல் கொடுப்பவர்கள் பக்கமும் நடந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் '96' வெளியானது. ஜானுவாக த்ரிஷா, ஜானுவின் பேச்சும் பாட்டும் சின்மயி. தமிழ்நாடே உருகிக்கொண்டிருந்த அதே வாரங்களில், புகழ்பெற்ற பாடலாசிரியர் ஒருவர் மீது சின்மயி பாலியல் தொல்லைக் குற்றச்சாட்டை வெளிப்படையாகச் சொன்னார். பாடலாசிரியர் அதை மறுத்தார். நவம்பரில், சந்தா கட்டவில்லை என்ற காரணம் சொல்லி டப்பிங் கலைஞர்கள் சங்கம் சின்மயியை உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கியது. சங்கத்தில் இல்லாதவர் தமிழ்ப் படத்தில் பேசுவது எளிதில்லை. 2023இல் 'லியோ' படத்தில் அவர் மறுபடி த்ரிஷாவுக்குப் பேசியபோது அதுவே தனிச் செய்தியாக ஓடியது. ஜானுவின் குரலாக அவர் வாய் திறந்தவரை எல்லோருக்கும் பிடித்திருந்தது.

நிலைமை மாறவே இல்லை என்று சொன்னால் அது பொய். மாற்றத்துக்கு ஒரு காரணம் நேரடி ஒலிப்பதிவு. 2004இல் 'விருமாண்டி' அப்படி எடுக்கப்பட்டது. படப்பிடிப்பிலேயே ஒலியும் பதிவானால் நடிகை பேசித்தான் ஆக வேண்டும், கற்றுத்தான் ஆக வேண்டும். இன்னொரு காரணம் சில இயக்குநர்களின் பிடிவாதம். பிரியாமணி 'பருத்திவீர'னில் முத்தழகாகத் தன் குரலிலேயே பேசினார். கரகரப்பான, கத்துகிற, அழகாக்கப்படாத குரல். அந்தக் குரல் இல்லாமல் அந்தக் கடைசிக் காட்சியை யோசித்துப் பாருங்கள். தேசிய விருது வந்தது. திருச்சூர்க்காரரான அபர்ணா பாலமுரளி 'சூரரைப் போற்று'வுக்காக மதுரைத் தமிழைப் பழகிப் பேசினார். அவருக்கும் தேசிய விருது. பெங்களூரில் வளர்ந்த மலையாளியான நித்யா மேனன் 'திருச்சிற்றம்பலம்' படத்தில் தானே பேசினார். அவருக்கும். ஐஸ்வர்யா ராஜேஷ் பல படங்களில் தன் குரலோடு வருகிறார். சரோஜாதேவிக்குக் கிடைத்த சலுகை அரை நூற்றாண்டு கழித்து மெதுவாகத் திரும்பி வருகிறது.

நயன்தாராவின் விஷயத்தில் ஒரு சின்ன முரண் உண்டு. பல ஆண்டுகள் பிறர் குரலில் பேசிவிட்டு, 2015இல் 'நானும் ரௌடிதான்' படத்தில் அவர் தன் குரலிலேயே டப்பிங் பேசினார். அவர் ஏற்ற காதம்பரி என்ற அந்தப் பாத்திரத்துக்குக் காது கேட்காது.

தமிழ்நாடு அரசின் திரைப்பட விருதுகளில் பின்னணிக் குரல் கலைஞர்களுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. நல்ல வழக்கம்தான். ஆனால் அந்தப் பெயர்கள் ரசிகர்கள் வரை போய்ச் சேர்வதில்லை. படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது தியேட்டரில் விளக்கு போட்டுவிடுவார்கள். ஓடிடியில் அடுத்த படத்துக்கான கட்டம் வந்து மறைத்துவிடும்.

சில மாதங்களுக்கு முன் டிவியில் 'பொன்னியின் செல்வன்' போட்டார்கள். நந்தினி அரண்மனைக்குள் வந்து பேச ஆரம்பித்தாள். ஐஸ்வர்யா ராயின் அந்தக் கண்கள் திரை முழுவதும். நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அடுப்படியிலிருந்து கரண்டிச் சத்தம் நின்றது.

"டேய், இது 'கோலங்கள்' உஷா இல்ல?"

தீபா வெங்கட்தான்.

"அந்தப் பொண்ணு இப்பவும் நடிக்குதா," என்றார் அம்மா. "நல்லா பேசும்."

கரண்டிச் சத்தம் மறுபடி கேட்டது.